முள்ளூரணி மாதிரிச் சிறை

சாம்பாரில் பெருங்காயத்தை முதலிலேயே போட வேண்டுமா, இறக்கும்போது போட வேண்டுமா என்பது பற்றி எனக்கு முன்பெல்லாம் ஒரு கருத்தும் இருந்ததில்லை ஐயா. இப்போது இருக்கிறது. சிறைக் கண்காணிப்பாளருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் முள்ளூரணிக்கு மாற்றலாகி வந்தேன்.

கேட்டுவிட்டீர்கள், ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். எதையும் மறைக்கப்போவதில்லை. மறைக்கும்படி நான் எதுவும் செய்துவிடவுமில்லை.

முள்ளூரணி கிளைச் சிறை வெம்பக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை ஆட்களை வைத்திருக்கிற சின்னச் சிறை. நாலு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு வேப்பமரம். நான் பொறுப்பேற்றபோது அங்கே மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆடு திருடிய குருசாமியும், குடித்துவிட்டுக் கண்டக்டரைக் கடித்த இரண்டு பேரும். கழிப்பறை அடைத்துக்கொண்டு பல மாதம் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்தால் சட்டையோடு சுண்ணாம்பும் வந்துவிடும். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்வதைவிட நீதிபதி கீர்த்திகா அம்மா சொன்னதைச் சொல்கிறேன்.

அவர் மாவட்டத்திலுள்ள சிறைகளை ஆய்வு செய்ய வருகிறவர். வந்த அன்று ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, “இது என்ன?” என்று கேட்டார். “சாம்பார்மா” என்றேன். இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

“ராஜபாண்டியன், இங்க இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் நீங்கதான் பொறுப்பு. பொறுப்புன்னா என்னன்னு கொஞ்சம் யோசிங்க. ஆறு மாசம் கழிச்சு வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் யோசித்தேன் ஐயா. இங்கே நான் உங்கள் முன் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். யோசிக்காத அதிகாரிகள் இன்றைக்கும் நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள்.

முதலில் மேலே எழுதிக் கேட்டேன். பிளம்பர் கிடையாது, சமையல்காரர் கிடையாது, பெயிண்டருக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தச் சமயத்தில்தான் இருளாண்டி வந்தார். அவர் வந்ததில் எனக்குச் சம்பந்தம் எதுவுமில்லை. பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் மைத்துனரை அடித்துவிட்டு முறைப்படி வந்தவர். தொழில் பிளம்பர். முதல் நாள் காலையில் கழிப்பறைக்குள் போனார், போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

“சார், ஒரு ஸ்பேனர் குடுங்க. ரெண்டு குடுத்தாலும் சரி” என்றார்.

நான் அவரை வேலை செய்யச் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். தானாகவே செய்தார். பைப்பைக் கழற்றினார், அடைப்பை எடுத்தார். உள்ளே இருந்து ஒரு முழு லுங்கி வந்தது. புதுக் குழாய் போடுவதற்காகத் தரையைத் தோண்டிப் பாதியில் வைத்திருந்தபோது ஜாமீன் வந்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். தோண்டிய குழி அப்படியே கிடந்தது. இரண்டாம் நாள் குருசாமி அதற்குள் விழுந்தார்.

ஜாமீன் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு திடீரென்று கொடுப்பது நிர்வாகத்துக்கு நல்லதல்ல.

இருளாண்டியைப் போய்ப் பார்த்தேன். வந்து முடித்துக்கொடுங்கள் என்று கேட்டேன். “சார், சிவகாசியில ஒரு பிரஸ்ஸுல ஆர்டர் எடுத்திருக்கேன். தீபாவளி கழிச்சுப் பாப்போம்” என்றார். தீபாவளிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் குருசாமி எத்தனை முறை விழுவார்?

எங்கள் பக்கத்தில் கருந்திரி என்று ஒன்று உண்டு. பட்டாசின் தலையில் பற்றவைக்கிறோமே, அந்தத் திரி. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் கைது. ஒருவரைச் சிறைக்குள் கொண்டுவர இதைவிடச் சிக்கனமான பொருள் கிடையாது. எங்கே வாங்கினேன் என்று கேட்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அது கிடைக்காத தெரு ஒன்றைச் சொல்லுங்கள், அங்கே போகவில்லை என்று எழுதிக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கட்டு. என் மனைவி பானுப்பிரியாவின் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து, நனையாமல் சுற்றி, இருளாண்டியின் சாமான் பைக்குள் வைத்தேன். பிறகு டீக்கடையில் சப்-இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டியைப் பார்த்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். “சீசன் வருது, கேஸ் பத்தலைன்னு மேல கத்துறாக சார். நீங்க சொன்னது தெய்வம் சொன்ன மாதிரி” என்று பாதி டீயோடு எழுந்தார்.

மறுநாள் இருளாண்டி வந்துவிட்டார். “நான் வைக்கலை சார், சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்றார்.

“தெரியும் இருளாண்டி. ஸ்பேனர் நீங்க வச்ச இடத்துலயே இருக்கு” என்றேன்.

அந்த வாரமே குழாய் முடிந்தது. இதைத் தப்பு என்று சொல்லலாம். ஆனால் அன்று மாலை குருசாமி கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

அடுத்தது சாப்பாடு. வெம்பக்கோட்டை விலக்கில், பட்டாசுக் கம்பெனி வேன்கள் நிற்கிற இடத்தில், சீனிச்சாமி ஒரு மெஸ் நடத்திவந்தார். கம்பெனிக்குப் போகிற ஆட்கள் வேனை நிறுத்திப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் மதியம் அங்கேதான் சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டுச் சிறைக்குத் திரும்பி, என் பொறுப்பில் இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். நான் மட்டும் நல்ல சாப்பாடு சாப்பிடுவது நியாயமா என்று பல நாள் யோசித்தேன். ஒன்று நான் நிறுத்த வேண்டும், அல்லது அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். நிறுத்திப் பார்த்தேன். ஒரு நாள் தாங்கியது.

சீனிச்சாமியின் மாவு டின்னுக்குப் பின்னால் கருந்திரிக் கட்டை வைத்தபோது அவர் எனக்கு இன்னொரு ஆம்லெட் கொண்டுவந்து வைத்தார். “நல்லாச் சாப்பிடுங்க சார், எளைச்சிட்டீக” என்றார். அன்பான மனிதர். அப்படிப்பட்டவர் கையால் என் கைதிகள் சாப்பிட வேண்டும் என்கிற எண்ணம் இன்னும் உறுதியாயிற்று.

வந்த அன்று சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, “நான் என்ன சார் பாவம் செஞ்சேன்?” என்று கேட்டார்.

“மனசை விட்றாதீக. பருப்பு எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க” என்றேன்.

அழுதுகொண்டேதான் தாளித்தார். ஆனால் அந்தத் தாளிப்பு வாசனைக்கு வேப்பமரத்துக் காக்காயெல்லாம் இறங்கி வந்தது. பெருங்காயம் இறக்கும்போதுதான் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு வேலை தன்போக்கில் வளர்ந்தது. காலண்டர் கம்பெனியில் சாமி படம் வரைகிற எழில் வந்தார். சுவர் முழுக்க அருவி, மயில், தாமரைக் குளம் என்று வரைந்துவிட்டார். கீழே மட்டும் தேதி இருந்தால் முழுக் காலண்டர்தான். ஒரு டெய்லர் வந்தார், தலையணைக்கெல்லாம் உறை வந்தது. ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார், மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. வார்டர் செழியன் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“சார், நம்ம ஜெயிலுக்கு மட்டும் எல்லாரும் வேலை தெரிஞ்சவுகளாவே வர்றாகளே?”

“நம்ம நல்ல நேரம் செழியன்” என்றேன்.

“ஒரு நாள் முடிவெட்டுறவுக வந்தா நல்லா இருக்கும் சார்” என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஊழியரின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்காதவன் நல்ல அதிகாரியல்ல. அடுத்த திங்கட்கிழமை முடிவெட்டுகிறவரும் வந்துவிட்டார்.

இடம் பற்றாமல் போயிற்று. அந்தக் கண்டக்டர் வழக்குக்காரர்கள் இருவரும் ஜாமீன் கிடைத்துப் போயிருந்தார்கள். குருசாமிக்கும் கிடைத்திருந்தது, ஆனால் ஜாமீன் நிற்க ஆள் இல்லை. நானே அலைந்து ஆள் பிடித்துக் கொடுத்தேன். அவர் போகமாட்டேன் என்று சீனிச்சாமியின் காலைப் பிடித்துக்கொண்டார். “வெளிய போனா இந்த ரசம் கெடைக்குமா சார்?” என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தி, ஒரு தூக்குவாளி ரசத்தோடு அனுப்பிவைத்தேன். அவர் படுத்திருந்த இடத்தை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தோம்.

வசதி மட்டும் போதாது, பொறுப்பு என்றால் என்னவென்றும் நீதிபதியம்மா யோசிக்கச் சொன்னாரல்லவா. அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் வேப்பமரத்தடியில் குறைதீர் கூட்டம் வைத்தேன். யாரும் எதையும் சொல்லலாம். சொன்ன குறை அடுத்த வெள்ளிக்குள் தீராவிட்டால் அன்று மாலை எனக்கு டீ கிடையாது என்று நானே எனக்குத் தண்டனை விதித்துக்கொண்டேன். இந்த மாநிலத்தில் எந்தக் கண்காணிப்பாளராவது தனக்குத் தானே தண்டனை விதித்திருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள்.

தோசை வேண்டும் என்றார்கள், கல் வந்தது. கொசு என்றார்கள், வலை வந்தது. சீனிச்சாமி எழுந்து, “என்னைய வெளிய விடணும் சார். நான் தப்பு பண்ணலை” என்றார். அது நீதிமன்றத்தின் வேலை, நமது வரம்புக்குள் வராது என்று விளக்கினேன். ஆனாலும் குறை குறைதானே. அன்று மாலை நான் டீ குடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அவர் அதையே சொன்னார், நானும் குடிக்கவில்லை. ஒருகட்டத்தில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. அதை நான் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் மகள் கல்யாண விஷயத்தைக் கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

சீனிச்சாமிக்கு ஒரே மகள், மாரீஸ்வரி. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். வழக்கறிஞர் பாடுபட்டு ஜாமீன் வாங்கினார். சீனிச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “குடும்பத்தோட வந்துரணும் சார், பந்தியில நானே பரிமாறுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டேன். அதே நாள் மாலைதான் தகவல் வந்தது. நீதிபதியம்மா அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிறார்.

ஐயா, என் நிலையில் இருந்து பாருங்கள். ஆறு மாத உழைப்பு. அந்தக் கரண்டியை அவர் மறுபடியும் வாயில் வைப்பார். சமையல்கட்டில் நிற்பதோ செழியன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை, பந்தல் சாமான் வந்த வண்டியில் கட்டு கிடைத்தது. உக்கிரபாண்டிக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. “பாவமா இருக்கு சார், கல்யாண வீடு” என்றார். “சட்டம்னு ஒண்ணு இருக்கே” என்றேன்.

நான் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கூப்பிட்ட மனிதர் உள்ளே இருக்கும்போது நாமும் போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? பெண் வீட்டில் பெரியவர்கள் குறைவாக இருந்ததால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மாரீஸ்வரி என் காலில் விழுந்து, “அப்பாவை நல்லாப் பாத்துக்கங்க சார்” என்றாள். பாத்துக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறியதில்லை. அவருக்குத் தனியாக மின்விசிறி போட்டுக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை சிறைக்குத் திரும்பி எல்லாவற்றையும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாப்பிள்ளை கையில் கடிகாரம் இருந்தது, மேளம் நன்றாக இருந்தது, மாரீஸ்வரிக்கு அரக்கு நிறப் புடவை. அவர் உலை அரிசியைக் களைந்துகொண்டே கேட்டார்.

“பாயாசம் எப்படி இருந்துச்சு சார்?”

“வேற யாரோ வச்சிருக்காக. கொஞ்சம் இனிப்புக் கூடிப்போச்சு.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தார். தன் தொழிலில் இவ்வளவு அக்கறை உள்ள மனிதர்களை இந்தக் காலத்தில் பார்ப்பது அரிது.

ஆய்வு நாளன்று வாசலில் மாக்கோலம் போட்டிருந்தோம். சின்ன விழாவாகவே வைத்துவிட்டேன். பானுப்பிரியாவையும் வரச்சொல்லியிருந்தேன். தன் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று மனைவிக்கும் தெரிய வேண்டுமில்லையா. நீதிபதியம்மா கழிப்பறையைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். சாம்பாரை ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி கேட்டார். ஐயா, என் பணிக்காலத்தில் அதுபோல ஒரு தருணம் இருந்ததில்லை.

“ராஜபாண்டியன், நம்பவே முடியலை. இதையெல்லாம் யார் செஞ்சது?” என்று கேட்டார்.

“கைதிகளேதான்மா.”

“அப்ப அவங்ககிட்டயே பேசுறேன்” என்று வேப்பமரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

முதலில் இருளாண்டியை அழைத்து, என்ன வழக்கு என்று கேட்டார்.

“கருந்திரிம்மா. சாமான் பையில இருந்துச்சாம். நான் வைக்கலைம்மா.”

சீனிச்சாமியிடம் கேட்டார். “கருந்திரிம்மா. மாவு டின்னுக்குப் பின்னால. அப்புறம் பந்தல் வண்டியில.” டெய்லரிடம் கேட்டார். தையல் மிஷினுக்கு அடியில். எலக்ட்ரீஷியன், ஏணிக்குள். முடிவெட்டுகிறவர், பவுடர் டப்பாவுக்குள். நீதிபதியம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“இந்த ஜெயில்ல திருடன், அடிதடின்னு ஒருத்தரும் இல்லையா?” என்று கேட்டார்.

“அவுகளை எல்லாம் அனுப்பிட்டாரும்மா. எடம் பத்தலைன்னு” என்றான் செழியன். அவன் வெகுளி.

“அந்தக் கட்டு எப்படி இருந்துச்சு?”

“துணியில சுத்தி இருந்துச்சும்மா. மஞ்சத் துணி” என்றார் இருளாண்டி. “எனக்கும் மஞ்சத் துணிதான்” என்றார் சீனிச்சாமி.

எழில் மட்டும் கண்ணைச் சுருக்கி யோசித்தார். “மஞ்சள்னு பொதுவாச் சொல்லக்கூடாதும்மா. மாம்பழ மஞ்சள். அதுல கிளிப்பச்சைப் புள்ளி. நான் கலரை மறக்க மாட்டேன்.” பிறகு நீதிபதியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். “அம்மா தப்பா நெனைக்கக்கூடாது. ஒரு நிமிசம் எந்திரிங்களேன்.”

நீதிபதியம்மா எழுந்தார். நாற்காலியில் போட்டிருந்த மெத்தை உறை, மாம்பழ மஞ்சளில் கிளிப்பச்சைப் புள்ளி போட்டது. மிச்சத் துணியை வீணாக்க வேண்டாமென்று நான்தான் டெய்லரிடம் கொடுத்திருந்தேன்.

“தைக்கும்போதே எங்கேயோ பாத்த துணியா இருக்கேன்னு நெனச்சேன்” என்றார் டெய்லர்.

முன்வரிசையிலிருந்து பானுப்பிரியா எழுந்தாள். “ஏங்க, அது என் புடவைல்ல. ஏழைபாழைக்குக் குடுத்துட்டேன்னு சொன்னீகளே.”

“குடுத்தேனே” என்றேன். அது உண்மைதான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சில நாட்களில் எல்லோரும் விடுதலையானார்கள். சீனிச்சாமிக்கு உத்தரவு வந்தபோது அடுப்பில் உலை பாதி கொதித்துக்கொண்டிருந்தது. தீயை அணைத்தார், கையைத் துடைத்தார், வெளியே வந்தார். வாசலில் மாரீஸ்வரியும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையை மாலையோடு பார்க்க முடியாதவர், கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான் மாலை இல்லாமலாவது பார்க்கிறார். “சாப்பிட்டீகளா மாப்ள?” என்று மட்டும் கேட்டார்.

அப்போது என்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உக்கிரபாண்டி என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். சீனிச்சாமி என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன், குறையைக் கேட்பது என் வழக்கம்.

“கல்யாணத்துல நீங்க எங்கன சார் உக்காந்தீக?” என்று கேட்டார்.

“முன்வரிசையில. பொண்ணுக்கு அப்பா உக்கார்ற எடத்துல” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மகளோடு நடந்து போய்விட்டார். பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆகவே, கட்டுகளை வைத்தது நான்தான் ஐயா. எல்லாவற்றையும் நானே வைத்தேன், என் கையாலேயே. அதை மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முள்ளூரணியில் அந்தக் கடைசி வாரத்தில் திருடன் இல்லை, அடிதடி இல்லை, பொய் பேசுகிறவன் இல்லை. அறைக்குள் படுத்திருந்த அத்தனை பேரும் நிரபராதிகள். ஒரு குற்றவாளிகூட இல்லாத சிறையை நான் நடத்திக் காட்டினேன். இதை வேறு எந்தச் சிறை நிர்வாகியாவது சொல்லமுடியுமா?

இல்லை, ஒருவர் இருந்தார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம், எனக்கும் வயதாகிறது. நேற்று முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் அறையாக நினைத்துப் பார்த்தேன். சமையல்கட்டு, வேப்பமரத்தடி, மொட்டைமாடி எல்லாம் சுற்றி வந்துவிட்டேன். அப்படி ஒரு ஆளை நான் அங்கே பார்த்ததேயில்லை.